ஓர்கனுக்குக் காற்றடித்தவன்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பேர்னுக்கு வடக்கே நான் குடியிருக்கும் ஓல்ட்டனில் பனிமூட்டம். ஆறும் தெரியவில்லை, ஆற்றுக்கு மேலே பாலமும் தெரியவில்லை. யன்னலுக்கு வெளியே நான் மாட்டியிருக்கும் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே இரண்டு காட்டியது. அந்த நேரத்தில்தான் துன் நகரத்து முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. இந்த வயதில் காலைநேரத் தொலைபேசியை நான் நம்புவதில்லை. மூன்று முறை ஒலிக்கவிட்டு எடுத்தேன்.

பேசியது அங்கே பராமரிப்பு வேலை செய்யும் மட்டக்களப்புப் பிள்ளை. என் அண்ணையைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடுவது அவள்தான்.

"ஐயா, உங்கட அண்ணன் பாட்டுப் பாடுறாரு."

"என்ன பாட்டு?"

"இங்கிலிஷ் பாட்டு. பழசு, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுத்தான். எங்கட பொறுப்பம்மாவும் கூடச் சேர்ந்து பாடுறாங்க. ஆனா பாதியில நிப்பாட்டிப்போட்டு வலது கையத் தூக்கி வச்சிட்டு இருக்காரு. பிறகு வாயத் திறக்கிறாரில்ல. கரண்டியக் கொண்டுபோனா முகத்தத் திருப்புறாரு. நாலு நாளாச்சு."

"தண்ணி குடிக்கிறாரோ?"

"இரவில கொஞ்சம் தேத்தண்ணி குடிக்கிறாரு. சாப்பாடு இல்ல. வெள்ளிக்கிழமை டொக்டர் வருவாரு. இப்படியே போனா மூக்கால குழாய் விடுறதப் பத்திக் கதைப்பாங்க ஐயா. அதான் உங்களுக்கு முதல்ல சொல்லுவம் எண்டு."

"எந்த இடத்திலை நிப்பாட்டுறார்?"

அவள் மெல்ல முனகிக் காட்டினாள். நான் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த இடம் எனக்குத் தெரியும்.

என் அண்ணை அந்தப் பாட்டைப் பாடி ஐம்பத்தைந்து வருடம். பாடமாட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தவர். இரண்டு வருடமாக அவருடைய நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது. முதலில் வீட்டு இலக்கம் போனது, பிறகு நான் அவரைப் பார்க்க வரும் கிழமை, போன கார்த்திகையில் என் பெயர். இப்போது சத்தியமும் போய்விட்டது போலிருக்கிறது. பாட்டு மட்டும் அடியில் கிடந்திருக்கிறது.

என் வயதுக்காரரே, அந்தப் பாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவீர்கள். நான் சொல்வது காதில் ஏறாது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் எங்கள் சின்ன வயதில் பாடியது. மெதுவான பாட்டு. ஒருவன் ஒருத்தியிடம் மன்றாடுகிறான். நடுவில் குரல் நின்றுவிடும். கீழே ஒரு சுரம் மட்டும் இழுபட்டுக்கொண்டிருக்கும். பிறகு ஓர்கன் தனியாக மேலே ஏறும். ஏறிய இடத்திலிருந்து குரல் திரும்பி வரும், அழுது முகம் கழுவிக்கொண்டு வந்தது மாதிரி. இந்த நாட்டில் அதை நான் கேட்காத இடம் குறைவு. பாலாடைக்கட்டி விற்கும் தட்டுக்கு மேலே, பல் டொக்டரின் கதிரையில், குளிர்காலச் சறுக்குத் திடலில், கூட வேலைசெய்த இரண்டு பேரின் கலியாணத்தில், எங்கள் தலைமைச் சமையற்காரரின் செத்தவீட்டில். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது என் இரண்டு கைகளும் தாமாகக் கீழ்நோக்கி அமுங்கும். ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது, அண்ணைக்குப் பதினெட்டு. யாழ்ப்பாணப் பட்டினம், மார்கழியும் தையும். அப்பா சைவப் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியர். வீட்டு வானொலி செய்திக்காகவே திறக்கப்படும், செய்தி முடிந்ததும் அதன் மேல் ஒரு துணி விழும். ஆகவே அண்ணை அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டது பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பத்திரிகைக் கடையின் வானொலியில். பதினொரு தரம் போட்டார்கள். பதினொரு தரமும் நான் கூட நின்றேன். அவர் கேட்டுச் சொல்ல நான் பென்சிலால் எழுதுவேன், ஒரு தரத்துக்கு இரண்டு வரிக்கு மேல் முடியாது. கடைக்காரர் எங்களைக் கண்டதும், "வந்திட்டினம், காசில்லாத கிராக்கியள்" என்பார். ஆனால் ஒலியைக் கூட்டிவிடுவார்.

அண்ணை ஓர் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தார். கோஷ்டி என்போம். அவர்களுக்குக் கொழும்பு வானொலியில் குரல் தேர்வுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது, பொங்கல் கழிந்து வரும் இரண்டாவது சனிக்கிழமை. அந்தப் பாட்டைத்தான் பாடுவதென்று முடிவு. கிற்றார் இருந்தது, மேளம் இருந்தது, ஓர்கன் இல்லை. எங்கள் கைக்கு எட்டிய ஒரே ஓர்கன் சேர்ச்சுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் பாழடைந்து கிடந்தது. காவற்காரர் இரண்டு சிகரெட்டுக்குக் கதவு திறப்பார்.

காலால் மிதித்துக் காற்றடிக்கும் ஓர்கன். வலது மிதியின் தோல்வார் அறுந்து தொங்கியது. காலால் மிதித்தால் திரும்பி மேலே வராது. ஆகவே நான் நிலத்தில் குந்தியிருந்து, மிதிகளை இரண்டு கைகளாலும் அமுக்கித் தூக்குவேன். அண்ணையின் முழங்கால்கள் என் காதுகளுக்கு இரண்டு பக்கமும் இருக்கும். வௌவால் புழுக்கை, பழைய தோல், அவருடைய சட்டையில் கஞ்சிபோட்ட மணம். துருத்தி விரியும்போது யாரோ நித்திரையில் மூச்சுவிடுவது மாதிரிச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். குரல் நிற்கும் இடத்தில் இடது கை ஒரு சுரத்தைப் பிடித்திருக்க, வலது கை மேலே போகும். அது எனக்கான சைகை. நான் எட்டு எண்ணவேண்டும். எட்டுக்குள் துருத்தி நிறையவேண்டும். அதன் பிறகே அந்தக் கை கட்டைகளில் இறங்கும். காற்றுக் குறைந்தால் ஓர்கன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும்.

"டேய், காத்து," என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

என் மனைவி என்னைக் கணக்குப்பிள்ளை என்று பகிடி பண்ணுவதுண்டு. படி ஏறும்போது எண்ணுகிறேன், மருந்துக் குளிசையை மூன்று தரம் எண்ணுகிறேன், ரயில் பெட்டிகளை எண்ணுகிறேன். அந்தப் பழக்கம் பிடித்த இடம் ஓர்கனின் அடி.

வெளியே வந்ததும் ஒருநாள் அண்ணை என் காதைப் பிடித்தார். "கோஷ்டி எண்டு வீட்டிலை ஒரு மூச்சு விட்டியோ, துலைஞ்சாய்."

"றேடியோ எண்டு?"

"றேடியோ எண்டும் சொல்லக்கூடாது."

இரண்டு சொற்கள். அவற்றை நான் சொல்லவில்லை. இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த ஓர்கனின் முகப்பில், ஒலியின் தன்மையை மாற்ற இழுத்துவிடும் பிடிகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் தலை கழன்று வந்தது. கறுப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் பீங்கான், பீங்கானில் வளைந்த எழுத்து. அண்ணை அதை எனக்குத் தந்தார். ஒன்பது நாள் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன், தோய்க்கப் போட்ட காற்சட்டையிலிருந்து அது கிணற்றடியில் விழுந்தது. எடுத்தது அப்பா.

"இது என்ன?"

"ஓர்கன்ரை பிடி அப்பா."

"எந்த ஓர்கன்?"

"சேர்ச் ஓர்கன்."

"ஆர் தந்தது?"

"அண்ணை."

அப்பா அதைத் தண்ணீரில் கழுவித் துடைத்தார். அவசரமில்லாமல் கேட்டார். "கொண்ணை அங்கை என்ன செய்யிறான்?"

"ஓர்கன் வாசிச்சுப் பாடுறார்."

"என்ன பாட்டு?"

"இங்கிலீஷ் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். கையை மேலை தூக்குவார்."

சொல்லாதே என்றதை நான் சொல்லவில்லை. சொல்லாதே என்று சொல்லாததை எல்லாம் சொன்னேன்.

அப்பாவின் தமையனார் ஒருவர் மிஷன் பள்ளிக்கூட உத்தியோகத்துக்காக வேதத்தில் சேர்ந்தவர். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் தமையனாரின் பெயர் வீட்டில் எடுபட்டதில்லை. அவருடைய செத்தவீட்டுக்கும் அப்பா போகவில்லை. கோஷ்டி என்று நான் உளறியிருந்தால் பிரம்படி விழுந்திருக்கும், அண்ணை தடவிக்கொண்டு கொழும்பு ரயில் ஏறியிருப்பார். நான் உளறியது சேர்ச் என்று.

அன்று பின்னேரம் அப்பா, பிடியையும் காட்டாமல் என் பெயரையும் எடுக்காமல், சேர்ச்சில் என்ன வேலை என்று கேட்க, அண்ணை எல்லாவற்றையும் தாமே சொன்னார். கோஷ்டி, வானொலி, குரல் தேர்வு.

"அது வேதப் பாட்டு இல்லை அப்பா. காதல் பாட்டு."

"கண்ணை மூடி, கையைத் தூக்கிக் காதல் பாட்டுப் பாடுவினமோ? எங்கை, பாடு பாப்பம்."

அண்ணை முற்றத்தில் நின்று பாடினார். ஓர்கன் இல்லாமல் அந்தப் பாட்டை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் நிற்கும் இடம் வரைக்கும் பாடிவிட்டு, பழக்கத்தில் வலது கையைத் தூக்கினார்.

அப்பா தலையாட்டினார். "இது சேர்ச்சுப் பாட்டுத்தான். எனக்குக் காது இருக்கு."

பிறகு என்னைக் கூப்பிட்டு ஐந்து சதம் தந்தார். கற்பூரம் வாங்கிவரச் சொல்லி.

வைரவர் கோயில் வாசலில் ஒரு கல் இருந்தது. அதன் மேல் கற்பூரம் எரிந்தது. வழக்குப் பேச நீதிமன்றம் போகாதவர்கள் வருகிற கல் அது. அதில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சொன்ன சொல் மாறக்கூடாது. மாறினால் குடும்பத்தில் ஒருவரை வைரவர் எடுப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. அண்ணை என்னைப் பார்த்தார். குடும்பத்தில் சின்னவன் நான்தான். பிறகு, "அந்தச் சேர்ச்சுப் படி ஏறமாட்டன். அந்தப் பாட்டு இனிப் பாடமாட்டன்" என்று சொல்லி அடித்தார்.

இரண்டாவது சனிக்கிழமை கோஷ்டி கொழும்புக்குப் போனது. அண்ணை போகவில்லை. அவர்கள் பாடகர் இல்லாமல் வாத்தியம் மட்டும் வாசித்து, ஒரு நிமிடத்துக்குள் போதும் என்று அனுப்பப்பட்டார்கள்.

அந்தப் பிடியை அப்பா என்ன செய்தாரென்று தெரியாது. கிணற்றுக்குள் இருக்கலாம்.

அண்ணை எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தார், மூன்று வருடத்தில் என்னையும் கூப்பிட்டார். ஏரிக்கரை விடுதி ஒன்றின் சமையலறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். எங்கள் தலைமைச் சமையற்காரருக்கு வானொலி இல்லாமல் கத்தி ஓடாது. அந்தப் பாட்டு அவருக்கு உயிர். அது தொடங்கியதும் அண்ணை ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு குளிரறைக்குள் போய்விடுவார். மூன்று நிமிடம். கதவு திறக்கும்போது இமையெல்லாம் ஈரமாக வருவார், வெறுங்கையோடு.

"கிறீம் எடுக்கப் போனனியளோ?" என்று கேட்டேன், முதல் தடவை.

"ஓம்."

பிறகு கேட்டதில்லை. மூன்று நிமிடத்தை எண்ணிக்கொண்டு வெங்காயம் வெட்டுவேன்.

இனிச் சொல்லப்போவதற்குப் பத்து வயதைச் சாட்டமுடியாது. ஒருநாள் வேலை முடிந்து வெளியே நின்று சிகரெட் பிடிக்கும்போது அண்ணை தானாகச் சொன்னார். "அந்தக் கிற்றார்க்காரன்தான் ஆரையோ விட்டு அப்பாட்டைச் சொல்லுவிச்சவன். அவனுக்குத் தான் பாடவேணுமெண்டு ஆசை."

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நான் சொன்னது இவ்வளவுதான்: "இருக்கும் அண்ணை."

கிற்றார்க்காரர் கனடாவில் இருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணைக்குத் தொலைபேசி எடுப்பார், அண்ணை வைத்துவிடுவார். ஏழு பொங்கல் வரை எடுத்தார். பிறகு எடுப்பது நின்றது. அவர் காலமானபோது அனுதாபம் சொல்ல அண்ணை மறுத்தார். நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வருடம் என் பேத்தி பள்ளிக்கூடத்தில் இசைப் பாடத்துக்காக அதே பாட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "அப்பப்பா, இந்த ஆள் சின்னனிலை சேர்ச்சிலைதான் பாடினவராம். ரீச்சர் சொன்னவ, இந்த மாதிரிப் பாட்டெல்லாம் அங்கையிருந்துதான் வந்ததாம். கடவுள் இருந்த இடத்திலை ஒரு பொம்பிளையை வைச்சிருக்கினம், அவ்வளவுதானாம்."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அப்பாவின் காது சரி. அந்தச் சரியான காதை அண்ணையின் பக்கம் திருப்பிவிட்டவன் நான்.

பன்னிரண்டாம் திகதி, புதன்கிழமை, துன்னுக்குப் போனேன். பேர்ன் வரைக்கும் பனிமூட்டம், அதற்குப் பிறகு கண் கூசும் வெயில். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தரம் மனைவியிடம் கேட்டேன். "நான் வீட்டிலைதானே இருக்கிறன், நெருப்புப் பிடிச்சால் சொல்லுறன்" என்றாள்.

அந்த முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், தோய்க்கும் அறைக்கும் முடிவெட்டும் அறைக்கும் நடுவில், ஒரு சின்னப் பிரார்த்தனை அறை உண்டு. அங்கே மிதி வைத்த பழைய ஓர்கன் ஒன்று நிற்கிறது, மேலே பிளாஸ்டிக் பூச்சாடியோடு. இரண்டு வருடமாக அந்தக் கதவைத் தாண்டிப் போய்வந்திருக்கிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை. பொறுப்பாக இருக்கும் அம்மாவிடம் அரை மணித்தியாலம் கேட்டேன். "விரும்பியபடி, ஆனால் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு" என்றார். சாப்பாட்டுக்குத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

மட்டக்களப்புப் பிள்ளை அண்ணையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுடைய மற்றக் கையில் மூடிய கிண்ணம், அவித்து மசித்த உருளைக்கிழங்கு. அண்ணை நன்றாக மெலிந்திருந்தார். கழுத்துக்கும் சட்டைக்கும் இடையில் என் இரண்டு விரல் போகும்.

"ஐயா, நீங்க வாசிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை பிள்ளை. நான் காத்தடிக்கிற ஆள்."

நாற்காலியை ஓர்கனுக்குக் கிட்டத் தள்ளச்சொன்னேன். அவருடைய கால்கள் மிதிக்க உதவாது. ஆகவே அறுபத்தைந்து வயதில், கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஒரு முழங்கால், பிறகு மற்ற முழங்கால், நிலத்தில் இறங்கினேன். அந்தப் பிள்ளை என் தோளைப் பிடித்தாள். மிதிகள் இரண்டும் நல்லவை. அமுக்கினேன். துருத்தி விரிந்தது. அதே மூச்சு.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு சுரம். அதற்குப் பக்கத்துச் சுரம். பிறகு குரல், உடைந்தது, ஆனால் சொல் ஒன்றும் பிசகவில்லை. நான் பென்சிலால் எழுதிய சொற்கள்.

அந்த இடம் வந்தது. குரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், வலது கை மேலே இருந்தது. எட்டு எண்ணவேண்டும். ஒன்று, இரண்டு. மூன்றில் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"அண்ணை, அப்பாட்டைச் சொன்னது கிற்றார்க்காரன் இல்லை. நான்."

"கதைக்காதை," என்றார் அண்ணை. "காத்தைப் பார்."

பார்த்தேன். திரும்ப எண்ணத் தொடங்கி, இரண்டு கையாலும் அமுக்கினேன். எட்டில் அவருடைய கை கட்டைகளில் இறங்கியது. ஓர்கன் ஏறியது. மூன்று இடத்தில் பிழை, ஒரு இடத்தில் ஆட்டுக்குட்டி. அவர் திரும்பப் பாடத் தொடங்கினார். முற்றத்தில் நின்றுபோன இடத்திலிருந்து பாட்டின் கடைசி வரைக்கும் பாடினார். முடிந்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். அந்தப் பிள்ளை ஒரு நொடியும் வீணாக்காமல் கரண்டியை வைத்தாள்.

பதினான்கு கரண்டி. பதினைந்தாவதைக் கையால் தடுத்துவிட்டு, கீழே என்னைக் காட்டி அவளிடம் கேட்டார்: "இந்தப் பெடியன் சாப்பிட்டவனோ?"

"சாப்பிடுவாரு ஐயா," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை டொக்டர் குழாயைப் பற்றிக் கதைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் பகல் பதினொன்றரைக்கு அவளே நிலத்தில் குந்தியிருந்து காற்றடிக்கிறாளாம். எட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் அவரிடம் சொன்னது அவருக்குள் போனதா என்று கேட்காதீர்கள். போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் எனக்குத் தந்த மறுமொழி காற்றைப் பார் என்பதுதான்.

அந்த வாரமே பக்கத்து ஊரான திரிம்பாக்கில் எங்கள் சைவக் கோயிலுக்குப் போனேன். குருக்களிடம் கேட்டேன், மறந்துபோய்ச் சத்தியத்தை முறித்தால் பாவம் யாருக்கு என்று.

"மறந்தவருக்கு இல்லை," என்றார்.

"மறக்காதவருக்கு?"

"கற்பூரம் கொளுத்துங்கோ," என்றார்.

கொளுத்தினேன். அது எரிந்து முடியும் வரை நின்றேன். கையால் அடிக்கவில்லை.

துன்னுக்குப் போய்வர, அரைக்கட்டண அட்டையோடு, முப்பத்தேழு பிராங்க் நாற்பது. பிரார்த்தனை அறையில் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்த உண்டியலில் போட்டது ஐந்து. கற்பூரம் ஒரு பெட்டி மூன்று ஐம்பது. கிற்றார்க்காரரின் மனைவி இன்னும் கனடாவில் இருக்கிறார், எண் என்னிடம் இருக்கிறது. இந்தக் காலத்தில் அந்த அழைப்புக்குக் காசே இல்லை என்கிறாள் பேத்தி. நான் இன்னும் எடுக்கவில்லை, ஆகவே கணக்கில் சேர்க்கவில்லை. மொத்தம் நாற்பத்தைந்து பிராங்க் தொண்ணூறு ராப்பன்.